ஆடு சிலுப்பவில்லை: திகில் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

இருட்டுச் சாமிகளையும் நரபலியையும் வைத்துத் திகில் கதை எழுதும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் காசிமேட்டு ஆர்பரில் ஒரு லாஞ்சு ஓனரிடம் கணக்கு எழுதுகிறவன். டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பார், ஆளுக்கு என்ன பேட்டா, ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது, ஓனர் பங்கு போக ஆட்களுக்கு எவ்வளவு நிற்கிறது என்று எழுதி, கடைசியில் யாருக்கும் திருப்தி இல்லாத ஒரு தொகைக்குக் கீழே கோடு போடுவதுதான் என் எழுத்து வேலை. லாஞ்சு நடுராத்திரிக்கு மேல்தான் கரைக்கு வரும். அதுவரை கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் உட்கார்ந்து போனில் உங்கள் கதைகளைப் படிப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்துவிட்டால் வேலை குறைவு, படிப்பு அதிகம். நீங்கள் எழுதியதில் நிறையவே படித்திருக்கிறேன். அதனால் குறை சொல்லவும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறை இதுதான்: உங்கள் பலிக் காட்சிகளைப் படித்தால் எனக்குப் பயமே வருவதில்லை.

அமாவாசை, நடுநிசி, பாழடைந்த மண்டபம். தரையில் ரத்தச் சிவப்பில் ஒரு கோலம். மூலைக்கு மூலை குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நடுவில் மண்டை ஓடு. தாடி வைத்த மந்திரவாதி ஓம் ஹ்ரீம் என்று ஆரம்பித்துப் பாதியில் வாய்க்கு வந்ததை உளறுகிறான். கைகால் கட்டிப்போட்ட தலைச்சன் பிள்ளை ஒன்று. எதிரே கன்னங்கரேலென்று, நாக்கைத் தொங்கப்போட்டு, கோரைப்பல்லோடு ஒரு சாமி. கத்தி மேலே போகிறது. கதாநாயகன் வந்துவிடுகிறான், அல்லது வரவில்லை. இவ்வளவுதான். ஒருநாள் இப்படி ஒரு காட்சியை ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏன்ணா, பதினாறு எலுமிச்சம்பழம் வாங்கிக்கீறானே, அவனுக்கு ஏது அவ்ளோ துட்டு?" என்றான்.

அப்போது சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது, பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான் என்று தோன்றியது. பலி என்றால் செலவு. செலவு என்றால், அது யாருடைய செலவு? உங்கள் கதைகளில் இந்தக் கேள்வியே வருவதில்லை. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் தொண்டையில் சிக்கிய முள் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிடுகிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் படித்த ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயம் எங்கள் பக்கம் வந்தது. ஆர்பர் ஓரம் ஒரு பழைய ஐஸ் குடோன். உள்ளே ஒரு மீனவக் கூட்டம். கடலுக்கு அடியில் கிடக்கும் பெயரில்லாத ஒன்றுக்கு அவர்கள் குழந்தையைக் கொடுக்கிறார்கள், அது மீனை விரட்டிவிடுகிறது. எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் ஒருத்தர் மட்டும் செய்கிற காரியமும் இல்லை இது. சினிமாவில் நாங்கள் ரவுடி, திகில் கதையில் நரபலிக் கூட்டம். ஏதோ பதவி உயர்வு மாதிரி இருக்கிறது.

இதற்கு ஒரு பாட்டன் உண்டு. அமெரிக்காவில் எச். பி. லவ்கிராப்ட் என்று ஒருவர். கடலடியில் தூங்கும் பூதாகாரமான பழஞ்சாமிகளை வைத்து நீங்கள் யார் எழுதினாலும் அவருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள். அவர் 1924-ல் நியூயார்க்குக்குக் குடிபோனார். புரூக்ளினில் ரெட் ஹூக் என்று துறைமுகத்தை ஒட்டிய ஒரு பேட்டை. பல தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அவருக்கு அந்த முகங்களைக் கண்டாலே ஆகாது. அந்த வெறுப்பு அவர் எழுதிய கடிதங்களிலேயே பச்சையாகக் கிடக்கிறது. 1925-ல் எழுதி 1927-ல் அச்சான ஒரு கதையில், அந்தப் பேட்டை ஜனங்களையே பிள்ளை கடத்திப் பேய்ச்சாமிக்குப் பூசை போடுகிறவர்களாக ஆக்கிவிட்டார். ரெட் ஹூக் என்று வரும் இடத்தில் எல்லாம் ராயபுரம் என்று போட்டு வாசியுங்கள். கப்பல், கூலி, நெரிசல், புரியாத பேச்சு, இருட்டுச் சந்து எல்லாம் பொருந்தும். அவர் பயந்தது சாமிக்கு இல்லை, அக்கம்பக்கத்துக்கு. அதை ஒரு சாமியின் தலையில் கட்டினார். நூறு வருடம் கழித்து நீங்களும் அதே கட்டைச் சுமக்க வேண்டுமா?

அப்புறம் அந்தக் கோரைப்பல். அது எங்கள் வீட்டுச் சாமியின் பல். பெரியாச்சியைப் பாருங்கள். காலடியில் ஒரு ராஜா நசுங்கிக் கிடக்கிறான், மடியில் அவன் பெண்டாட்டி குடல் சரிந்து கிடக்கிறாள், ஒரு கை பச்சைக் குழந்தையை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. கதை தெரியாதவர் பார்த்தால் உங்கள் அட்டைப்படத்துக்கு அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் பிள்ளை பெற்ற பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது அவள் முன்னால்தான். சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் அவளைக் கூடவே கொண்டு போயிருக்கிறார்கள். பிரசவம் பார்க்க வந்தவள் அவள். அந்தக் குழந்தை தரையில் படக்கூடாது என்பதற்காகத்தான் கை அப்படி மேலே தூக்கியிருக்கிறது. இது ஒரு மருத்துவச்சியின் கோபம். கோபமான சாமியும் கெட்ட சாமியும் ஒன்றில்லை. எங்கள் பக்கம் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

அங்காளம்மன் கதை இன்னும் மேலே. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எடுக்க, அந்த மண்டை ஓடு அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிச்சை எடுத்து எது போட்டாலும் ஓடு தின்றுவிடுகிறது, சாமிக்கு ஒரு பருக்கை மிஞ்சுவதில்லை. பசியோடு மயானம் மயானமாக அலைகிறார். அவள் என்ன செய்கிறாள்? சோற்றைப் பிசைந்து சுடுகாட்டில் வாரி இறைக்கிறாள். ருசி கண்ட ஓடு ஆசைப்பட்டுக் கையை விட்டு இறங்கி மேய வருகிறது. வந்ததும் காலால் மிதித்துவிடுகிறாள். மகா சிவராத்திரி முடிந்து வரும் அமாவாசையில் மேல்மலையனூரில் நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதைதான். எங்கள் பக்கமும் பம்பை உடுக்கையோடு சுடுகாட்டுக்கு ஊர்வலம் போகும். கொழுக்கட்டையும் சுண்டலும் காய்கறியும் தலைக்கு மேலே பறக்கும், ஜனம் முந்தானையை விரித்து ஏந்தும். சிவன் கையில் ஒட்டிக்கொண்டு அவர் சோற்றைத் தின்கிற ஒரு வாய்! உங்களில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

சரி, இப்போது ஆட்டுக் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. மாமா மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்தபோது, "முழுக் கருப்புக் கிடா தரேன் தாயே" என்று மாமா அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அவளும் பிழைத்துவிட்டாள். ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, கிடாவைக் கொண்டுவந்து கோயில் முன்னால் நிறுத்தினோம். கழுத்தில் வேப்பிலை மாலை. நெற்றியில் மஞ்சள், குங்குமம். வெட்டுகிறவர் ஒரு ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் எடுத்ததும் வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். ஆடு உடம்பை உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தி கிட்டே வராது.

ஆடு சிலுப்பவில்லை.

இன்னொரு சொம்பு தெளித்தார் பூசாரி. காது மட்டும் லேசாக அசைந்தது. பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். மூன்றாவது சொம்பு. ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பூசாரி குடத்தையே எடுத்து முதுகில் கவிழ்த்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். நான் குள்ளம், என் கண் ஆட்டின் தொடை உயரத்தில்தான் இருந்தது. பின்னங்கால் தொடையிலிருந்து வழிந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. வழிய வழிய, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு வெளியே வந்தது.

முழுக் கருப்புக் கிடா விலை அதிகம். மாமா கையில் காசு போதவில்லை. வெள்ளைத் திட்டு இருந்த கிடாவை வாங்கி, அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டிருந்தார்.

ஆயாதான் முதலில் பேசினாள். கத்தவில்லை. "யார்கிட்டடா டபாய்க்கிற?" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மாமா அப்படியே ஈரத் தரையில் விழுந்தார். "இப்ப இத ஏத்துக்கம்மா. அடுத்த ஆடிக்கு முழுக் கருப்பு தரேன். என் பொண்ணு மேல சத்தியம்." பூசாரி ஒரு கை தண்ணீர், ஒரே ஒரு கை, அள்ளித் தெளித்தார். ஆடு தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. அந்தத் துளி என் சட்டை எல்லாம் தெறித்தது. அன்றைக்குக் கறி எனக்கு இறங்கவில்லை.

வெட்டு எனக்குப் பயம் தரவில்லை. தினமும் மீன் தலை அறுபடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். இந்தப் பக்கம் மாமா பேரம் பேசுகிறார், அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்டு, யோசித்து, சரி என்கிறார்கள். அந்த 'யாரோ'தான் பயம். ஏமாற்றினால் கண்டுபிடிக்கிற, தவணை கொடுக்கிற, வாக்கை எழுதி வைத்துக்கொள்கிற யாரோ. (ஆடு ஏன் சிலுப்புகிறது என்று எனக்கும் தெரியும். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். அதைச் சொல்லி அந்தக் கால் மணி நேரத்தை என்னிடமிருந்து வாங்க முடியாது.)

இந்த மாதிரி பலியை நிறுத்த வேண்டும் என்று 1950-லேயே இங்கே சட்டம் வந்தது. 2003-ல் அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னார்கள். அடுத்த வருடமே சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். ஆட்டுக்காகப் பேசுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பேரம்.

நம் பழைய ஆட்களுக்கு இந்தப் பேரம் நன்றாகத் தெரியும். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரி படித்திருப்பீர்கள். எயினர் குடியில் சாலினி மேல் சாமி வந்து ஆடுகிறது. ஊர் மன்று பாழாகிவிட்டது, மறவர் வில் அடங்கிவிட்டது என்று அவள் பேசுகிறாள். ஏன்? கொற்றவை தன் 'கடன்' உண்டால்தான் வில்லுக்கு வெற்றி கொடுப்பாள். கடன் என்றுதான் இளங்கோ போடுகிறார். வாங்கியிருக்கிறீர்கள், திருப்பவில்லை. வெறும் பசி என்றால் போகிற வருகிறவனை எல்லாம் தின்றுவிட்டுப் போகலாம். கடன் என்றால் ஆள் பார்த்து, பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வரும் பைரவ வேஷக்காரர் பிள்ளைக்கறி கேட்கிறார். உங்கள் மந்திரவாதியாக இருந்தால் "ஒரு பிள்ளையைக் கொண்டு வா" என்று முடித்திருப்பான். இவர் போடும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை. உடம்பில் குறை இருக்கக்கூடாது. வீட்டுக்கு ஒரே மகன். தாய் பிடிக்க வேண்டும், தகப்பன் அரிய வேண்டும். இரண்டு பேர் மனசும் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையாக விழ விழ, வெளியே போகிற கதவு ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்கும். அப்புறம் சமையல். தலைக்கறி ஆகாது என்று எண்ணி ஒதுக்கி வைக்கிறார்கள், வந்தவர் அதைத்தான் கேட்கிறார். தாதிப் பெண் தனியாக எடுத்துச் சமைத்து வைத்திருக்கிறாள். அந்த முன்யோசனைதான் எனக்கு இன்றைக்கும் குளிர் எடுக்க வைக்கிறது. கடைசியில் பிள்ளை உயிரோடு ஓடிவருவது பக்தர்களுக்கு. திகில் வாசகன் அடுப்பங்கரையிலேயே நின்றுவிடுவான்.

மகாபலிபுரம் போனால் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். துர்க்கை காலடியில் மண்டியிட்டு ஒருத்தன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறான். ஆந்திராவில் மல்லம் என்ற ஊரில் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று, உடம்பில் ஒன்பது இடத்தில் சதையை அரிந்து, தலையையும் பட்டாரி என்ற அம்மனுக்குக் கொடுத்தவனின் சொந்தத்துக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. கலிங்கத்துப்பரணியில் அறுத்துக் கொடுத்த தலை கையில் இருந்தபடியே கொற்றவையைப் பாட, தலையில்லாத உடம்பு கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. இதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்காக ஒருத்தன் கழுத்தை அறுத்துக்கொள்ள, அவன் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் என்றால், அந்த நிலத்தில் விளைந்த முதல் சோற்றை அவன் பெண்டாட்டி எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்று நான் யோசித்ததுண்டு. அந்தச் சோற்றை ஒருத்தராவது எழுதியிருக்கிறீர்களா? ஆனால் எல்லா இடத்திலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. கொடுக்கிறவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். தன் ஆடு, தன் பிள்ளை, தன் தலை.

உங்கள் மந்திரவாதி ஊரான் பிள்ளையைக் கொடுக்கிறான். அதுவும் சரிதான், கெட்டவன் அப்படித்தான் செய்வான். ஆனால் அதை வாங்கிக்கொள்கிற சாமியைப் பற்றி நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. அங்காளம்மன் அடுப்புக்கரிக்கே ஒப்பவில்லை. அப்படியென்றால், 'இது யாருடையது' என்றே கேட்காமல் வாயைத் திறக்கிற சாமி எப்படிப்பட்ட சாமியாக இருக்கும்? நான் கெட்ட சாமி என்று சொல்வது அதைத்தான். அதற்குக் கோரைப்பல் வேண்டாம், கறுப்பு நிறம் வேண்டாம். பார்க்க லட்சணமாகவே இருக்கட்டும். திருட்டுச் சாமானை விலைக்கு எடுக்கிற சேட்டுக் கடை மாதிரி, கேள்வியே கேட்காது. அதனால்தான் கெட்டவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

லவ்கிராப்ட்டைத் திட்டினேன், நியாயமாக அவருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். இன்ஸ்மவுத் என்ற கற்பனைத் துறைமுக ஊரை வைத்து 1936-ல் வந்த கதையில், மீன்பாடு போய்விட்ட ஊர் ஒன்று கடலடிப் பிறவிகளோடு ஒப்பந்தம் போடுகிறது. வருடம் இரண்டு தடவை ஆள் கொடுத்தால் வலை நிறைய மீன், கொஞ்சம் தங்கம். அதோடு நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அவை ஊருக்குள் சம்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. பிறகு பிறக்கும் பிள்ளைகளின் முகமே மாறுகிறது. மீனவர் எல்லாம் அசிங்கமானவர்கள் என்ற அவர் எண்ணத்தை நான் காறித் துப்புவேன். ஆனால் அந்த மனுஷனுக்கு வட்டி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

வட்டி எங்களுக்கும் தெரியும். வடசென்னையில் வளர்ந்த யாரையாவது கேளுங்கள், பேயை எப்போது பார்த்தாய் என்று. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்தான் எங்கள் பேய். தண்டல்காரர். சத்தம் போட மாட்டார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் சின்ன நோட்டு. என் அம்மா உள்ளே இருந்துகொண்டு "இல்லன்னு சொல்லுடா" என்பாள். நான் போய்ச் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவி, "எந்த கிளாஸ் படிக்கிற?" என்பார். அவ்வளவுதான். அவர் போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு என் தலையை, அவர் தடவிய இடத்தை, துடைத்துவிடுவாள். உங்கள் இருட்டுச் சாமி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எந்த கிளாஸ் படிக்கிற" என்று கேட்கட்டும். அப்புறம் நான் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து படிக்க மாட்டேன். விளக்குக் கம்பத்துக்குக் கீழே போய் நின்றுகொள்வேன்.

இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் தொடுவதே இல்லை. பேரத்துக்கு வராத சாமி. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில், பேய் ஒன்று பிணத் தலையை வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்த சார்ங்கலன் என்ற பையன் பயந்து உயிரை விடுகிறான். கண் தெரியாத புருஷனோடு இருக்கும் அவன் தாய் கோதமை, செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி கோட்டை வாசலில் வந்து சம்பாபதியைக் கூவி அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொள், அவன் உயிரைக் கொடு. தன்னுடையதைத்தான் கொடுக்க வந்திருக்கிறாள், கணக்கு சுத்தம். சாமி முடியாது என்கிறது. உயிருக்கு உயிர் கொடுத்து மீட்க முடியும் என்றால், ராஜாக்களுக்காக உயிர் விட எத்தனையோ பேர் இருந்திருப்பார்களே, அப்புறம் இந்தச் சுடுகாட்டில் ராஜாக்களுக்கு ஆயிரம் கோட்டம், அதாவது சமாதி, எதற்கு என்று கேட்கிறது. ஆயிரம் பலி வாங்கும் சாமியைவிட, கையை நீட்டவே மாட்டேன் என்கிற இந்தச் சாமிக்கு முன்னால் நிற்பது கஷ்டம்.

கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறாய் என்று கேட்பீர்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கே பாலம் கட்டினாலும் "தூணுக்கு ஒரு பிள்ளைத் தல கேக்குதாம், வெளிய போகாத" என்பாள் ஆயா. சாக்குப்பை தூக்கிய யாரைப் பார்த்தாலும் நாங்கள் ஓடுவோம். அந்தச் சாக்குப்பைக்காரர் பாவம், பழைய பேப்பர் பொறுக்குகிறவர். அது அந்தக் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், சாமி கும்பிடப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஊரே கூடி அடித்ததில் ஒரு வயதான அம்மா செத்துப்போனார். அதே மாதம் எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருத்தரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். உங்கள் கதைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அந்த வதந்தி உங்களைவிட வயதானது. ஆனால் அழுக்குச் சட்டை, புரியாத பேச்சு, கையில் ஏதோ பொட்டலம் என்று நீங்கள் ஒரு கெட்டவனை வரையும்போது, அந்த ஜாடையில் நடமாடுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்களோடு ஐஸ் தூக்குகிறார்கள்.

எங்கள் ஊரை வைத்து எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். கருவே நான் தருகிறேன். சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மெரினாவுக்கு இன்றைக்கு இருக்கிற அகலம் கிடையாது. கடல் சுவரைக் கட்டினார்கள். 1881 புயல் வந்து உடைத்துவிட்டுப் போனது, மறுபடியும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வருகிற மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது. அங்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவில்லை, கடல் வந்தது. ராயபுரத்திலிருந்து கரையைத் தின்றுகொண்டே மேலே போனது. வீடு போனது, தெரு போனது. இப்போது பாறாங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டணம் அழகான மணல் வேண்டும் என்று கேட்கிறது, கடல் சரி என்கிறது, விலையை யாரோ கொடுக்கிறார்கள். எந்த ராத்திரி, யார் உட்கார்ந்து இதைப் பேசி முடித்தார்கள்? கொடுத்தவர்களிடம் யாராவது கேட்டார்களா? சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த மணலில் உட்காருகிற பையன் காலுக்கடியில் தோண்டினால் என்ன கிடைக்கும்? எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி தேவைப்பட மாட்டான். எலுமிச்சம்பழச் செலவும் மிச்சம்.

எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்பருக்கு வாருங்கள். சனிக்கிழமை ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. செருப்பு வழுக்கும், பார்த்து வரவும். டீ நான் வாங்கித் தருகிறேன்.

மாமா விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அடுத்த ஆடிக்கு அவரிடம் பணம் இல்லை. அதற்கு அடுத்த ஆடிக்கு வலை அறுந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று. பன்னிரண்டு வருடம் கழித்து, முழுக் கருப்புக் கிடா கொடுக்காமலேயே போய்ச் சேர்ந்தார். அவர் மகள், காமாலையிலிருந்து பிழைத்தவள், இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தாய். போன ஆடிக் கூழுக்கு வந்திருந்தாள். பம்பை அடிக்கும்போது சின்னவனைத் தூக்கி இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். கிடாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
காசிமேடு